முந்தி வந்த சத்தம்

மேளச் சத்தம் முதலில் வந்தது. திரையில் மேளக்காரனின் கை அப்புறம்தான் இறங்கியது.

"பாருங்க, மறுபடியும் சத்தம் முந்துது," என்றாள் சுஹைர்.

காலையில்தான் சரி செய்திருந்தாள். சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வருவதற்குள் கெட்டுவிட்டது. முந்தாநாளும் இப்படித்தான்.

குவைத்திலிருந்து மகன் ஹைதம் அனுப்பிய ஹோம் தியேட்டர். சுவரை அடைக்கும் திரை, சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர். அதில் அவள் முதலில் போட்டது தன் கல்யாண வீடியோவை; அதையும் ஹைதமே கேசட்டிலிருந்து துலக்கி ஏற்றிக் கொடுத்திருந்தான்.

கேசட்டாக இருந்த முப்பது வருஷமும் அதில் வெள்ளைப் புள்ளியாய்ப் பனி பெய்துகொண்டிருந்தது. யார் முகம், யார் வாய், ஒன்றும் தெரியாது. குரல் மட்டும் கேட்கும். அது போதும் அவளுக்கு.

நிக்காஹ் அன்று அவள் பெண்களோடு உள்ளறையில் இருந்தாள். கூடத்தில் அவள் அப்பாவின் கையும் மாப்பிள்ளை ஷௌக்கியின் கையும் வெள்ளைக் கைக்குட்டைக்கு அடியில் கோத்திருந்தன. "ஏத்துக்கிட்டேன்!" என்று ஒரு குரல் கதவைத் தாண்டி வந்தது பாருங்கள், கண்ணாடி டம்ளர் அதிர்ந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே மன்சூரா ஊரில் பாதிப் பெண்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவள் அவள். இன்று சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கு அவர்கள் எல்லாரும் வருகிறார்கள், கண்ணாலும் பார்க்க.

"பழைய படம், அப்படித்தான் இருக்கும். விடேன்," என்றார் ஷௌக்கி, வழக்கம்போல வாய்க்குள்ளேயே.

"அதானே! உதட்டப் பார்த்தா வயிறு நிறையுமா?" என்றார் அவருடைய அண்ணன் ஃபத்ஹி, சோபாவில் தர்பூசணி விதை கொறித்தபடி. அவர் பேசினால் மாடிப்படியில் படுத்திருக்கும் பூனை எழுந்து ஓடும்.

சுஹைர் கேட்கவில்லை. ரிமோட்டில் சத்தத்தைத் தள்ளும் அம்புக்குறியை ஒரு தட்டு. சத்தம் மயிரிழை பின்வாங்கியது. இன்னொரு தட்டு. கை விழும் இடத்தில் சத்தமும் விழும்வரை அவள் விடவில்லை.

விழுந்தது.

"டீ போடுறேன்," என்று ஃபத்ஹி எழுந்தார். பிறந்ததிலிருந்து அடுப்படிப் பக்கம் போகாத மனுஷன்.

திரையில் வெள்ளைக் கைக்குட்டை. அப்பா சொல்லி முடித்தார். பிறகு மாப்பிள்ளையின் முகம், சுண்ணாம்பு மாதிரி.

"ஏத்துக்கிட்டேன்!"

மாப்பிள்ளையின் உதடு அசையவில்லை.

அவர் தோளுக்குப் பின்னால் ஃபத்ஹியின் வாய் முழுசாகத் திறந்து மூடியது.

சுஹைர் படத்தை நிறுத்தினாள். இத்தனை நாளும் சத்தத்தை முந்தவிட்டது பெட்டியல்ல, அண்ணனும் தம்பியும்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

"தொண்டை அடைச்சுக்கிச்சு, சுஹைர். அத்தனை பேரும் என்னையே பார்த்தாங்க..." என்றார் ஷௌக்கி.

"அப்ப முப்பது வருஷமா நான் யாருக்குச் சமைச்சுப் போட்டேன்?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"மச்சான், நீங்க இப்பவாவது வாய மூடிக்கிட்டு இருங்க!" என்று அந்தப் பக்கம் கத்தினாள். பிறகு ரிமோட்டை ஷௌக்கியின் நெஞ்சுக்கு நேரே நீட்டி, சத்தத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்தினாள்.

ஷௌக்கி எழுந்து நின்றார். வேர்வை துடைத்த கைக்குட்டை கையிலேயே இருந்தது.

"ஏத்துக்கிட்டேன்."

மெலிந்த குரல்தான். ஆனால் உதடும் அதுவும் ஒன்றாக வந்தன.

சுஹைர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றேன்."

வாசல் மணி அடித்தது. படியெல்லாம் பெண்களின் சிரிப்பு.

கதவைத் திறக்கப் போனவள் பாதியில் திரும்பி வந்தாள். ரிமோட்டை எடுத்து, அம்புக்குறியை எதிர்ப்பக்கமாக விறுவிறுவென்று தட்டினாள்.

"வாங்க, வாங்க," என்றாள் கதவைத் திறந்து. "பழைய படம். சத்தம் கொஞ்சம் முந்தும்."