சிவப்பு ஒட்டவில்லை

சிவப்பு ஒட்டவில்லை.

அச்சுக்காரர் தாளை அச்சுக்கட்டையிலிருந்து உரித்து, மேசையில் மல்லாக்கப் போட்டார். ஆள் நீளத் தாள். அதில் படுத்திருந்த உருவத்தின் மேல் சிவப்புச் சாயம் சேம்பிலைத் தண்ணீராக உருண்டது. உள்ளே இறங்க மறுத்தது.

"இன்னொரு தடவை தேய்ங்களேன்" என்றான் கொழுந்தன்.

"ரெண்டு தடவை தேய்ச்சாச்சு தம்பி. இந்தத் தேய்ப்பை உங்க முதுகுல தேய்ச்சிருந்தா இந்நேரம் குறட்டை விட்டிருப்பீங்க."

அவன் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணியைப் பார்த்தான். அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய ஜப்பானியக் கட்டையச்சு முறைதான். நிறத்துக்கு ஒரு கட்டை. ஓவியத்துக்குப் பதில் ஆள், அவ்வளவே வித்தியாசம். முதலில் கருங்கோடு, அது எலும்பு. அடுத்து மஞ்சள், அது தோல். நீலத்தை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, அடர்த்தியிலிருந்து வெளுப்புக்கு இழைக்க வேண்டும், அது மூச்சு.

கடைசியில் சிவப்பு. அது இறங்கிவிட்டால் தாள் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கும்.

செத்தவரைத் திரும்ப அச்சடிக்க இந்தக் கடையில் யாரும் அத்தாட்சி கேட்பதில்லை. சிவப்பே அத்தாட்சி. பழைய உடம்பில் உயிர் இருக்கும்வரை புது உடம்பில் அது ஒட்டாது.

அச்சுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"அம்மா, நல்ல சேதிம்மா! உங்க வீட்டுக்காரர் உசுரோட இருக்கார். விடியக்காலை போயிட்டார்னு நீங்கதான் தப்பா நினைச்சுட்டீங்க. நாடி சில நேரம் அப்படித்தான் ஏமாத்தும். ஓடுங்க, டாக்டரைக் கூப்பிடுங்க!"

யாரும் ஓடவில்லை.

அவள் கண் தாளில் இருந்த கால்களில் நின்றது. கல்யாணமான புதிதில் செதுக்கிய கட்டை. கெண்டைச்சதை திரண்ட, மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாவிய கால்கள். கட்டிடச் சாரத்திலிருந்து விழுந்த பிறகு அவை குச்சியாகி, ஆறு வருஷமாகப் போர்வைக்குள் கிடந்தன. புரட்டிப் போடுவதும், புண் துடைப்பதும், அவர் வாயில் வரும் வசவைக் கேட்பதும் அவள் பாடு.

"இந்தத் தாள் எவ்வளவு நேரம் தாங்கும்ண்ணே?"

"ஈரம் இருக்கிற வரைக்கும். காஞ்சா தாளும் போச்சு, கட்டையும் போச்சு. ஒரு கட்டைக்கு ஒரு தாள்தான். அதான் அசலே இருக்காரே, இனிமே இது எதுக்கு?"

அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீங்க போய் அண்ணனைப் பாருங்க."

"நானா அண்ணி?"

"பின்ன யாரு? காலையில நான்தானே பார்த்தேன்."

அவன் சாவியை எடுத்தான். வெளியே பைக் இரண்டு உதையில் கிளம்பவில்லை, மூன்றாவதில் கிளம்பியது.

"பாசக்காரப் பையன்" என்றார் அச்சுக்காரர். தூரிகைகளைக் கழுவத் தொடங்கினார்.

அவள் ஈரத்துணியை எடுத்துத் தாளின் ஓரங்களை ஒற்றினாள். உலரத் தொடங்கிய மூலையை மறுபடி ஒற்றினாள். ஆறு வருஷம் பழகிய கை. ஒரு சுருக்கம் விழவில்லை.

"எதுக்கும்மா நனைக்கிறீங்க? அதான் தேவையில்லையே."

அவள் ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தூரிகைகள் ஒவ்வொன்றாகச் சுத்தமாயின.

நெஞ்சுக்கு மேல் உருண்டுகொண்டிருந்த ஒரு துளி சட்டென்று நின்றது.

இறங்கியது.

பக்கத்துத் துளியும் இறங்கியது. நெஞ்சிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து உதட்டுக்கு, காதுமடலுக்குச் சிவப்பு ஏறியது. யாரும் தேய்க்கவில்லை.

அச்சுக்காரர் குழாயை மூட மறந்தார். அவளைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

தாள் எழுந்து உட்கார்ந்தது. காலைத் தொங்கப் போட்டு, நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவன் போல் நெட்டி முறித்தது.

"என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? தண்ணி குடு. தம்பி எங்கே?"

அவள் தம்ளரை நீட்டினாள். கணவன் உதட்டோரம் கசிந்திருந்த சாயத்தைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

"வீடு வரைக்கும் போயிருக்காருங்க. இப்ப வந்துடுவாரு."