நல்ல தூக்கம்

“இந்தத் தடவையாவது ‘அவரு தூங்குறதே இல்ல’ன்னு சொல்லு!” பஸ்ஸிலேயே படித்துப் படித்துச் சொன்னான் செல்லையா.

சிலோனிலிருந்து கப்பலேறி வந்து இத்தனை ஆபீஸ் படியேறியும் பொய் சொல்லப் பழகாத தங்கை சின்னம்மை, போன முறை டாக்டரிடம் “நல்லா தூங்குவாரு” என்று சொல்லிவைத்தாள். போரில் மனம் கலங்கித் திரும்பிய அவள் புருஷன் சுடலைமுத்துவுக்கு ஊனப் பென்சன் இல்லை என்றாகிவிட்டது. இன்று அப்பீல்.

மிலிட்டரி டாக்டர் கேட்டார்: “ராத்திரி தூங்குறாரா?”

“நல்லா தூங்குவாரு, தொரை.”

செல்லையாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. டாக்டர் பேனாவைத் திறந்தார்.

“மழை பெஞ்சாதான் தொல்ல,” என்றாள் சின்னம்மை. “நாங்க இருக்குற எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் பின்னால, பட்டாளத்துல மாதிரி ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி அதுக்குள்ளதான் படுக்குறாரு. தண்ணி நின்னுடுது. பென்சன் வந்தா மேல ஒரு தகரம் போட்டுரலாம், தொரை.”