கீரியின் கயிறு

கோட்டைவாசல் கடைத்தெருவில் வித்தைக்காரன் மாசானம் தினமும் கூவுவான்: "இதோ, கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போறேன்!" கூட்டம் கூடும். தாயத்து விற்றுத் தீரும். சண்டை மட்டும் நடக்காது.

முளையில் கட்டியிருந்த கீரிக்கு ஆத்திரம் தாங்காது. "கயிறு மட்டும் அறுந்துபோகட்டும், உன்னை ரெண்டு துண்டாக்கிடுவேன்!" என்று பாம்புக் கூடையைப் பார்த்து உறுமும்.

"வாடா வா, மூடி மட்டும் திறக்கட்டும்!" என்று உள்ளிருந்து பாம்பு சீறும்.

ஒரு மத்தியானம் வெங்காய வண்டி மாடு மிரண்டு வண்டியோடு கூட்டத்துக்குள் புகுந்தது. கூட்டத்தோடு மாசானமும் ஓடிவிட்டான். சக்கரம் ஏறிக் கீரியின் கயிறு அறுந்தது. கூடை உருண்டு மூடி திறந்துகொண்டது.

கீரி மயிரைச் சிலிர்த்தது. பாம்பு படமெடுத்தது. நடுவில் ஒரு சாண் தூரம்தான்.

கீரி சுற்றுமுற்றும் பார்த்தது. தெருவில் ஈ காக்கை இல்லை.

"என்னண்ணே, ஒருத்தரையும் காணோமே?" என்றது மெதுவாக.

"அதைத்தான் தம்பி நானும் பார்க்கிறேன்." பாம்பு படத்தைச் சுருக்கிக்கொண்டு கூடைக்குள் போனது. "கூட்டம் சேரட்டும். அந்த மூடியைக் கொஞ்சம் தள்ளிவிடு."

கீரி மூடியைச் சாத்திவிட்டு, அறுந்த கயிற்றை மறைத்து அதன்மேல் உட்கார்ந்தது. முதல் ஆள் எட்டிப்பார்த்ததும் கூடையைப் பார்த்து உறுமியது:

"கயிறு மட்டும் அறுந்துபோகட்டும்!"