நெட்டையன் கரையேறிய நாள்

மழைக்குட்டை ஒன்றில் தலைப்பிரட்டைகள் கூட்டமாக வாழ்ந்தன. மூத்தவனான நெட்டையனுக்குக் கால் முளைத்து, வால் சுருங்கி, கரையேறும் நாள் வந்தது. போகிறவர்கள் இளையவர்களுக்கு ஏதாவது விட்டுச் செல்வது அங்கே வழக்கம்.

"நான் ஒளிஞ்சுக்கிற தேங்காய்ச் சிரட்டை குண்டனுக்கு. குண்டா, உன் பாதி உடம்புதான் உள்ளே போகும், மீதியைக் கொக்குக்குக் கொடுத்துடு," என்றான் நெட்டையன். எல்லாரும் சிரித்தார்கள். "கொக்கைக் கண்டா எனக்கு வர்ற நடுக்கம் பொடியனுக்கு."

கடைக்குட்டியான பொடியன் சிரிக்கவில்லை. "அண்ணா, போன வாரம் கரையில துள்ளி விழுந்த கெண்டைக்குஞ்சு செத்துப்போச்சே. அங்க தண்ணியே இல்லையே."

"தெரியும்டா. அதான் நடுக்கத்தை இங்கேயே விட்டுட்டுப் போறேன்," என்று சொல்லி நெட்டையன் கல்மேல் தாவினான்.

அங்கே வாயைத் திறந்து திறந்து மூடினான். குட்டையில் யாரும் அசையவில்லை. பிறகு அவன் தொண்டை மெல்லப் புடைத்தது. அதிலிருந்து எழுந்த சத்தத்தில் தண்ணீரே சிலிர்த்தது. அவ்வளவு பெரிய குரல் அவனுக்குள் இருந்தது யாருக்கும் தெரியாது. அடுத்த தாவலில் புல்லுக்குள் மறைந்தான்.

அன்று பொடியன் தன் வாலோரத்தில் கால் ஏதும் முளைத்திருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.