ஆணியில் தொங்கிய ஹெல்மெட்

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட அறவாழிக்கு, மூளை தேறுவதற்காக, ஒரு மருந்து ஆராய்ச்சி மையத்தில் தினம் ஒன்றாகப் போடச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். புது வகை மாத்திரை; அதன் பக்கவிளைவு போடுகிறவருக்கு வராமல், வீட்டில் வேறொருவர் உடம்புக்குப் போகும்படி செய்துகொள்ளலாம். யார் என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில், ஒரு வார்த்தை கேட்காமல் மனைவி கோமளாவின் பெயரை எழுதிவிட்டு வந்தான்.

எட்டு மாதமாகிறது. அவன் மாத்திரை போட்ட அரைமணியில் அவளுக்குக் குமட்டும், தலை கிறுகிறுக்கும். அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

இன்று காலை மையத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"பக்கவிளைவு ஏதாவது இருக்கா சார்?"

"சுத்தமா இல்ல மேடம். மாத்திரை போடுற மாதிரியே தெரியல."

போனைக் கோமளாவிடம் கொடுக்கச் சொல்ல அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை. அவனுக்கும்தான். பைக் சாவியை எடுத்தான்.

"ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டுப் போங்க," என்றாள் கோமளா, வாளியின் மேல் குனிந்தபடியே.

"விழுந்தா என்ன? அதான் மாத்திரை இருக்குல்ல."

வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியது. கோமளா மெல்ல எழுந்தாள். தரை ஆடியது. நேற்று தலை கிறுகிறுத்து விழுந்ததில் நிலைப்படியில் இடித்த நெற்றி இன்னும் வலித்தது. ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்துத் தன் தலையில் மாட்டி, பட்டையை இறுக்கிக்கொண்டு சோறு வடிக்கப் போனாள்.