நாடா கட்டிய கோல்

இரண்டு நாடுகள் முதன்முறையாக மோதிய கால்பந்தாட்டம் அது. கோல் கம்பங்களுக்கு மேலே குறுக்காக வெறும் நாடாதான் கட்டியிருந்தார்கள். பின்னால் வலை கிடையாது. ஒரு கோல் விழுந்தால் அணிகள் மைதானத்தில் பக்கம் மாறி நிற்க வேண்டும் என்பது அந்நாளைய விதி. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எதிரணி உதைத்த பந்து எங்கள் கோல்கீப்பர் சவரிராயனைத் தாண்டிப் போனது. நாடா துடித்தது. பந்து போனது அதற்கு மேலேயா, கீழேயா என்று நடுவருக்கே தெரியவில்லை.

"நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க, சொல்லுங்க" என்று சவரியிடமே கேட்டார்.

"மேலதான் போச்சுன்னு சொல்லித் தொலையேன்டா!" என்று எங்கள் கேப்டன் கத்தினார்.

சவரி கம்பத்தடியில் கழற்றி வைத்திருந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டினான். அதைத் தலையில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கக் கோலை நோக்கி மெதுவாக நடக்க ஆரம்பித்தான்.