சுவருக்கு வெளியே அரளி

மழை விட்ட ஐப்பசி மாலையில், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே இருதயம்மாள் குந்தியிருக்கிறாள். மேற்கு மலையிலிருந்து சரியும் வெயிலில் ஈரமண் மின்னுகிறது. அவள் புருஷன் இஞ்ஞாசிமுத்துவை உள்ளே புதைக்க விடவில்லை. பிள்ளை பிழைக்க வேண்டுமென்று வீரபாண்டி அம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தவனுக்கு, பங்குச் சாமியார் மந்திரித்த கல்லறை மண் கிடையாது என்றுவிட்டார்கள். வெளியே கிடப்பவனின் தலைமாட்டில் அவள் வளர்த்த செவ்வரளியையும் மாதா கோயில் உபதேசியார் நேற்று ஆள் வைத்து வெட்டிப் போட்டார். வெட்டுண்ட கிளைகள் இப்போது அவள் மடியில் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் கணுவுக்குக் கீழே அரிவாளால் சாய்த்துச் சீவுகிறாள். அடியிலைகளை உருவி எறிகிறாள். கசிகிற பாலைச் சேலையில் துடைத்துவிட்டு, சுவரோரமாகவே ஊன்றி, கட்டைவிரலால் மண்ணை இறுக்கியபடி நகர்கிறாள். முன்னால் செருப்புச் சத்தம் வந்து நிற்கிறது. ஓலைக்குடையோடு உபதேசியார். "ஏத்தா இருதயம், வெட்டுன பெறகும் இங்கன என்ன வேலை? சாமியார் கண்டாகன்னா என்ன சொல்லுவாக?" அவள் நிமிரவில்லை. "ஒத்தச் செடியா நின்னுச்சு. குச்சி குச்சியா வெட்டிக் குடுத்தது நீங்கதான். மழைக்காலத்துல வெட்டுனா அரளி அழிஞ்சிருமா? நாளைக்கு இது சுவருக்கு மேல தல நீட்டிப் பூக்கும். பூவு உங்க மந்திரிச்ச மண்ணுலதான் விழும். அதை எந்தச் சுவரு கட்டித் தடுப்பீக?" குடை விளிம்பிலிருந்து நீர் சொட்டுகிறது. அவள் மடியிலிருந்து இன்னொரு கிளையை எடுக்கிறாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அடுத்த குச்சி அங்கனதான்." செருப்பு பின்னால் நகர்கிறது. அது பதிந்த ஈரத் தடத்திலேயே அவள் குச்சியை ஊன்றுகிறாள்.